மனம் உடைந்தது யாரால்?

"அவனுக்கு வீட்டிலே ஏதோ தகராறு!" தொழிலாளி ஒருவன் இடிந்து உட்கார்ந்துவிட்டால் நிர்வாகத்தின் வாயிலிருந்து வரும் முதற்பேச்சு இதுதான். ஆலையிலே கை போனால் இயந்திரத்தைக் காட்டலாம். மனம் போனால் எதைக் காட்டுவது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தொழில் நோய்களுக்கு அட்டவணை போட்டது. ஈயத்தின் நஞ்சு இருந்தது, கல்தூசி அரிக்கும் நுரையீரல் இருந்தது. மன நோய்க்கு அதிலே இடமில்லை.

எதைக் காட்டுவது என்பதைப் பிரான்சு நாட்டுத் தோழர்கள் கண்டுபிடித்தார்கள்.

'பிரான்ஸ் டெலிகாம்' அரசாங்கத் தொலைபேசி நிறுவனமாக இருந்தது. 2004இல் அரசின் பங்கு பாதிக்குக் கீழே போயிற்று. ஆனால் ஊழியரில் பெரும்பாலோர் அரசு ஊழியர் என்ற உரிமை பெற்றவர்கள். சீட்டைக் கிழித்து அனுப்ப முடியாது. 3 ஆண்டில் 22,000 பேர் ஒழியவேண்டும், 10,000 பேர் இடம் மாறவேண்டும் என்று கணக்குப் போட்டது நிர்வாகம். கதவு வழியோ சன்னல் வழியோ, எப்படியும் அனுப்பிவிடுவேன் என்று 2006இல் பேசினார் தலைவர் திதியே லொம்பார். கம்பிப் பழுது பார்த்துத் தேர்ந்த கைகளைக் கால் சென்டரிலே உட்கார வைத்தார்கள். மாற்றலுக்குமேல் மாற்றல். எத்தனை தலை குறைந்தது என்பதைப் பார்த்து மானேஜருக்குச் சன்மானம்! அடியில்லை, வசவில்லை, "நான் எதற்கும் உதவாதவன்" என்று தொழிலாளி தானே நம்பிப் போகவேண்டும், அவ்வளவுதான்.

உயிர்கள் போயின. 2009இல் அதை ஒரு 'மோஸ்தர்' என்றார் லொம்பார். பிறகு மன்னிப்புக் கேட்டார், அது வேறு கதை. நீதிமன்றம் ஆராய்ந்தது 39 பேரின் வழக்கு: 19 பேர் தம்மை மாய்த்துக்கொண்டோர், 12 பேர் முயன்று பிழைத்தோர், 8 பேர் மனச்சோர்வில் வீழ்ந்தோர்.

2019 டிசம்பர் 20இல் பாரிஸ் தீர்ப்பு வந்தது. நிறுவனத்துக்கு அபராதம் 75,000 யூரோ. சட்டத்தின் உச்சமே அவ்வளவுதானாம்! லொம்பாருக்கு விதித்த சிறை 2022இல் மேல்முறையீட்டிலே நிறுத்திவைக்கப்பட்டது. தண்டனை அற்பம், மறுக்கவில்லை. ஆனால் 2025 சனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்த ஒன்று அற்பமல்ல: எந்த மானேஜர் எவரைத் துன்புறுத்தினான் என்று தேடவேண்டியதில்லை, நிர்வாகத்தின் கொள்கையே துன்புறுத்தலாகும், குற்றமாகும்!

இது தானாக வந்த தீர்ப்பா? 2007இலேயே இரண்டு தொழிற்சங்கங்கள் சேர்ந்து, கட்டாய மாற்றலையும் அதனால் வந்த மன உளைச்சலையும் கண்காணிக்க ஓர் அமைப்பை நிறுவிவிட்டன. 2009இல் வழக்கிற்குப் புகார் கொடுத்ததும் சங்கமே. நம் சங்க அலுவலகத்திலே விபத்துக்கு நோட்டு இருக்கிறது, சந்தாவுக்கு நோட்டு இருக்கிறது. தூக்கமிழந்தவன், திடீரென்று ஷிப்டு மாற்றப்பட்டவன், பேச்சற்றுப் போனவன் — இவர்களுக்கு எங்கே நோட்டு, தோழர்களே?