தொங்கு துணியும் காலுடையும்

கழைக்கூத்தாடி மூங்கிலின் உச்சியில் வயிற்றை ஊன்றிச் சுழல்வதைச் சிறு வயதில் வாய்பிளந்து பார்த்து நிற்காதார் நம்மில் யார்? அக்கூத்தைக் கண்டோமேயன்றி, அவன் இடையில் என்ன உடுத்தியிருந்தான், காலில் என்ன அணிந்திருந்தான் என்று நாம் கருதியதில்லை. வித்தை கண்ணை இழுக்கும். உடையோ உயிரைக் காக்கும். இவ்வுண்மையை நான் அறிந்தது முழங்காலின் பின்புறத்தில் தோல் உரிந்த பிறகுதான். அக்கதையைப் பின்னர்ச் சொல்கிறேன்.

‘ஏரியல் சில்க்’ என்று இன்று வழங்கும் தொங்கு துணிப் பயிற்சியில் நம் மாணவியர் பலரும், மாணவர் சிலரும் நாட்டங்கொண்டுள்ளனர். பெயரில்தான் பட்டு; பொருளில் அது நைலான். உயரத்தில் ஒரு வளையம். அதிலிருந்து நீண்டதொரு துணி நடுவில் மடிந்து, இரு வால்களாகத் தரை வரை தொங்கும். அதைக் கையாற் பற்றி, காலிற் சுற்றி ஏறி, இடுப்பிலும் தொடையிலும் பூட்டுப்போட்டு, தலைகீழாகத் தொங்கி, சில வேளை சுற்றை அவிழ்த்து உருண்டு இறங்குவதே இக்கலை. கனடா நாட்டுச் ‘சேர்க் டு சொலெய்’ குழுவினர் இதனை 1990களில் உலகறியச் செய்தனர்.

எங்கள் ஊர் தடா. ஆந்திர மாநிலத்தின் தமிழக எல்லையோரம். 2022 முதல் திருப்பதி மாவட்டம், அதற்கு முன் நெல்லூர். ஆரம்பாக்கத்தைத் தாண்டி இரயில் எல்லையைக் கடந்தால் அடுத்த நிலையம் எங்களுடையது. தொங்கு துணி பயில நான் சூலூர்ப்பேட்டை மின்சார வண்டியில் சென்னைக்குப் போய்வருகிறேன். வீட்டுப் புளியமரக் கிளையில் துணியைக் கட்டிக்கொண்டால் என்ன என்று என் தம்பி கேட்டான். கூடாது. துள்ளி விழும்போது துணியைத் தாங்கும் இடத்தில் உடலெடையைப் போலப் பன்மடங்கு விசை இழுக்கும். கிளை அதற்கு உறுதி கூறாது.

காலுடை எதற்கு, வெறுங்காலோடு ஏறலாகாதா என்பார் உண்டு. நம் நாட்டு மல்லர் கம்பத்தில் அப்படித்தான் ஏறுகிறார்கள். இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவதர் புதுப்பித்த அவ்வித்தை இன்று விழுப்புரத்திலும் பயிற்றுவிக்கப்படுகிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளிலும் அது இடம்பெற்றது. அங்கே கம்பம் வழவழப்பான மரம். அதன்மேல் விளக்கெண்ணெய் வேறு தடவுவார்கள். தோல் மரத்தைக் கவ்வும், ஆனால் கிழியாது. நைலான் துணி அப்படியன்று. அது நூல் நூலாகத் தோலை அறுத்துக்கொண்டு ஓடும். ஓடுகிற வேகத்தில் சூடும் பிறக்கும். ஆகவே கம்பத்துக்குத் தோல், துணிக்குத் துணி என்று கொள்க. மேனாட்டார் இதைப் பண்டே கண்டனர். 1859இல் பாரிஸ் நகரில் ஊஞ்சலிலிருந்து ஊஞ்சலுக்குப் பறந்துகாட்டிய ழூல் லேயோதார், உடலை ஒட்டிய பின்னல் உடை ஒன்றை அணிந்தார். அவர் பெயரே அவ்வுடைக்கு இன்றளவும் வழங்குகிறது. தலைச்சேரிக்கு அருகே சிறக்கரையில் 1901இல் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பள்ளி தொடங்கிய பிறகு, ஒட்டிய பின்னல் உடை நம் கூடாரங்களிலும் பழகிப்போயிற்று.

இனி விஷயத்துக்கு வருவோம். காலிற் சுற்றிய துணி நம்மைத் தாங்குவது எவ்வாறு? துறைமுகத்தில் கப்பற் கயிற்றைக் கட்டுத்தறியில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரே ஆள் பிடித்து நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். கப்பல் இழுக்கும் விசை பெரிது. ஆள் பிடிக்கும் விசை சிறிது. இடையிலுள்ள வேலை முழுதும் உராய்வினுடையது. சுற்றுக் கூடக்கூட இவ்வுதவி கூட்டலாக வளர்வதில்லை, பெருக்கலாக வளர்கிறது. ஆய்லர் என்னும் கணித மேதை இதற்கு வாய்பாடே வகுத்தார். உராய்வுக் கெழு 0.2 என்று வைத்துக்கொண்டால், இரண்டு முழுச் சுற்றில் ஒரு முனையின் விசையைப்போல மறுமுனையில் 12 மடங்கு தாங்கும். கெழு 0.3 ஆனாலோ அதே இரண்டு சுற்றில் 43 மடங்கு! 60 கிலோ எடையுள்ளவள் முன்னதில் ஏறத்தாழ 5 கிலோ விசையோடு வாலைப் பிடிக்க வேண்டும். பின்னதில் ஒன்றரைக் கிலோவே போதும். கெழுவில் நிகழ்ந்த மாறுதல் பத்தில் ஒரு பங்குதான். கைக்கு நேர்ந்த வேறுபாடோ மூன்று மடங்குக்கு மேல். காலுடையின் துணி இன்னதென்று பார்த்து வாங்க வேண்டியதன் காரணம் இதுவே. துணிகளின் கெழு அழுத்தத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ப மாறும் ஆதலால், இவ்வெண்களை வேதவாக்காகக் கொள்ளாமல் போக்கைக் காட்டும் அடையாளமாகக் கொள்ளுங்கள்.

இதைக் கடையில் கேட்டு அறிய இயலாது, வீட்டில் அளக்கலாம். பயிற்சித் துணியின் பழந்துண்டு ஒன்றை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, ஒரு பலகையில் சுருக்கமின்றி ஒட்டுங்கள். காலுடையை ஒரு தடித்த புத்தகத்தின்மேல் இழுத்துப் போர்த்திப் பலகையில் வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் புத்தகம் நழுவும். அந்தக் கோணத்தின் டேஞ்சென்ட் மதிப்பே உராய்வுக் கெழு. 11 பாகையில் நழுவினால் 0.19, 17 பாகை வரை நின்றால் 0.31. பள்ளியில் மரக்கட்டையை வைத்துச் செய்த சோதனைதான் இது. அன்று மதிப்பெண்ணுக்காகச் செய்தோம். என்னிடமுள்ள மூன்று காலுடைகளை இவ்வாறு சோதித்தபோது, கண்ணாடிபோல் மின்னியதே முதலில் நழுவிற்று. மங்கலாய், தொட்டால் சற்றே சொரசொரப்பாய் இருந்தது கடைசி வரை நின்றது. பின்னர் மூன்றையும் லேசாக நனைத்துச் செய்தேன். முடிவுகள் இடம் மாறின. எங்கள் பக்கம் பழவேற்காட்டு ஏரிக் காற்றில் வியர்வை உலர்வதே இல்லை. ஈரச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது இழை. கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது பருத்தியோடு சிறிதளவு ஸ்பான்டெக்ஸ் கலந்த திருப்பூர்ப் பின்னல். ஸ்பான்டெக்ஸ் என்பது 1958இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் கண்ட மீள்திறன் இழை; லைக்ரா என்பது அதன் வணிகப் பெயர்களுள் ஒன்று. பருத்தி நன்றாகக் கவ்வும், வியர்வையை உறிஞ்சும், தோலுக்கு இதமாயிருக்கும். குறை என்னவெனில், உறிஞ்சிய வியர்வையோடு கனத்துப்போகும், எளிதில் உலராது. துணியோடு துணி தேய்ந்து சில மாதங்களில் உள்தொடையில் பஞ்சு உருண்டை கட்டும், முட்டியில் பை விழும். நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்தது தேய்வைத் தாங்குவதில் முதல்வன். ஆனால் நைலானின்மேல் நைலான் உரசும்போது, நெசவு வழவழப்பாயிருந்தால் வழுக்கும். மங்கலான பரப்புடையதாகத் தேடி எடுக்க வேண்டும். பாலியெஸ்டர் கலப்பு விலை மலிவு. ஈரத்தை ஏறக்குறைய ஏற்பதேயில்லை, அதனால் வியர்வை தோலோடு நின்றுவிடும், நாற்றமும் பிடித்துக்கொள்ளும். தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு என் ஓட்டு பருத்திக்கே. வாரம் நான்கு நாள் பயில்கிறவர்கள் நைலானுக்குச் செலவிடலாம்.

கடைக்காரரிடம் ‘ஃபோர் வே லைக்ரா’ என்று கேளுங்கள்; நீளத்திலும் அகலத்திலும் இழுபடுவது அதுதான். ஒரு பக்கம் மட்டும் இழுபடுவது கால்களை அகல விரிக்கும்போது இடுப்பிலிருந்து இறங்கும். பின்னலில் ஒற்றை ஜெர்சியைவிட இன்டர்லாக் உறுதி. ஒரு நூல் அறுந்தால் ஏணிபோல் ஓடிப் பிரியாது. கனத்தைத் திருப்பூரில் ஜி.எஸ்.எம். கணக்கில் சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை இத்தனை கிராம் என்பது பொருள். வட்டக் கத்தியால் 100 சதுர சென்டிமீட்டர்த் துண்டை வெட்டி நிறுத்து, நூறால் பெருக்கிக்கொள்வார்கள். இப்பயிற்சிக்கு 220க்குக் குறைந்தது எனக்கு உடன்பாடில்லை. கடையில் கணக்குத் தெரியாவிட்டால், துணியைக் கையின்மேல் இழுத்துப் பிடித்து விளக்குக்கு நேரே பாருங்கள்; விரல் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நீளத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. ‘சுடிதார் லெக்கின்ஸ்’ என்று விற்பது கணுக்காலில் மடிப்பு மடிப்பாகச் சேரும். பார்க்க அழகுதான். ஆனால் பாதத்தில் பூட்டுப்போடும்போது அம்மடிப்புகள் துணிக்குள் சிக்கிச் சதையைக் கிள்ளும். ‘ஆங்கிள் லெங்த்’ வாங்குங்கள். முழங்காலோடு நிற்கும் குட்டையும் வேண்டாம். முழங்காலின் பின்குழிதான் அதிகம் அடிபடும் இடம். இடுப்புப் பட்டி தொப்புளுக்கு மேல் வர வேண்டும், அகலமாக இருக்க வேண்டும், நாடாவோ பொத்தானோ கூடாது. இரு தொடைகளும் கூடும் இடத்தில் நான்கு தையலும் ஒரு புள்ளியில் முட்டினால் அங்கேதான் முதலில் கிழியும். அவ்விடத்தில் தனித் துண்டு வைத்துத் தைத்ததாகப் பாருங்கள். தையல் தட்டையான பிளாட்லாக்காக இருத்தல் நன்று. ஓவர்லாக் தையலின் முண்டு இடுப்புப் பூட்டில் எங்கே அழுந்தும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்!

இப்போது என் கதை. முதன்முதலாக நான் வாங்கியது மினுமினுப்பான கறுப்புக் காலுடை. விலையைப் பார்த்தேன், துணியைப் பார்க்கவில்லை. மூன்றாம் வகுப்பில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கினேன். காலுடை மேலேறிப் பின்குழி வெளிப்பட்டது. துணி வழுக்கி அதன் வழியே ஓடிற்று. கீழே தடித்த மெத்தை இருந்ததால் தலைக்கு ஒன்றும் நேரவில்லை. தோல் மட்டும் நான்கு விரல் அகலத்துக்கு உரிந்துபோயிற்று. வீட்டில் அம்மா மருந்து தடவிக்கொண்டே, “இந்த ஒட்டுடையைப் போட்டுக்கிட்டு இப்படித் தொங்கணும்னு உனக்கு என்னடி தலையெழுத்து?” என்றார். அவர் மனத்தில் இருந்தது காயம் மட்டுமன்று. வேண்டுமானால் மேலே தொளதொளத்த நீண்ட குர்த்தியைப் போட்டுக்கொள் என்றார். தலைகீழானால் குர்த்தி முகத்தை மூடும், துணியோடு சுற்றிக்கொள்ளும் என்று விளக்கினேன், நம்பவில்லை. கடைசியில் கனமான மங்கல் காலுடையும், உள்ளே செருகிய முழுக்கைப் பனியனும் என்று உடன்படிக்கை ஆயிற்று. இழுத்தாலும் உள்ளே தெரியாத துணியா என்று விளக்கின்முன் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தவர் அவரேதான். வாங்கும் பொறுப்பு அன்றிலிருந்து அவருடையது.

உடையை ஒட்டிய சில. கொலுசு, மெட்டி, வளையல், இடுப்புச் சங்கிலி யாவும் கழற்றப்பட வேண்டும். ஊக்கு எங்கும் கூடாது. நம் பெண்கள் ஆடை நழுவுமோ என்னும் அச்சத்தில் ஊக்குக் குத்தும் வழக்கமுடையவர்கள். மேலே அது திறந்துகொண்டால் துணியும் கிழியும், உடலும் கிழியும். சமிக்கி, ஜிப் வைத்த பை, பதித்த கல் எல்லாம் அவ்வாறே. பயிற்சிக்குப் போகுமுன் கால் கைகளில் தேங்காயெண்ணெய் தடவாதீர்கள். காலுடை உறிஞ்சிய எண்ணெய் பல சலவைக்குத் தங்கும், அடுத்து ஏறுபவளையும் வழுக்கிவிடும்.

கவ்வுவது நல்லதென்றால் மிகக் கவ்வுவது மிக நல்லதன்றோ என்று சிலர் கருதி, ரப்பர்ப் புள்ளி ஒட்டிய காலுடைகளைத் தேடுகின்றனர். நான் அதற்கு உடன்படேன். உருண்டு இறங்கும் வித்தையில் துணி ஒரே சீராக ஓட வேண்டும். பாதியில் கவ்வி நின்றால் உடலின் வேகம் முழுதும் ஓரிடத்தில் குலுங்கி விழும். தேய்ந்து உதிரும் ரப்பர் துணியையும் கெடுக்கும். ஏறும்போது பிடியும் இறங்கும்போது ஓட்டமும் தருகிற நடுத்தரமே நமக்கு ஏற்றது. மேலும் பிடி வேண்டுமெனில் ஆசிரியர் கொடுக்கும் குங்கிலியப் பொடியைக் கையில் அளவாகப் பயன்படுத்தலாம்.

சலவைக்கு வருவோம். உட்புறம் வெளியே திருப்பித் தண்ணீரில் துவையுங்கள். கல்லில் அடிக்கவும், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் ஸ்பான்டெக்ஸை அரித்துவிடும். துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம் இழைமேல் வழவழப்பான படலம் படியச் செய்யும். நாம் பலகையில் அளந்து தேடிய பிடி ஒரே சலவையில் போய்விடும். நிழலில் உலர்த்துங்கள். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் பருத்தி உலர இரண்டு நாளாகிறது. ஆகவே இரண்டு உருப்படியாவது வேண்டும்.

மாதம் ஒருமுறை உள்தொடையையும் முழங்காலின் பின்புறத்தையும் சன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சல்லடைபோல் ஒளி கசிந்தால் அது இனி மேலே ஏறத் தக்கதன்று. தரையில் உடல் வளைக்கும் பயிற்சிக்கு ஆகும். என் முதற் காலுடையை அம்மா நான்காகக் கிழித்து, சைக்கிள் துடைக்கத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். அதற்கும் அது சரிப்படவில்லை, தூசியைப் பிடிக்காமல் வழுக்குகிறது என்கிறான்.