முகவரி மாறினால் ஆர்டருக்கு யார் சொல்வது?

ஆர்டர்கள் ஓர் அட்டவணை, வாடிக்கையாளர்கள் இன்னொன்று. ஆர்டரில் வாடிக்கையாளர் எண் மட்டும் இருக்கும். பெயரும் முகவரியும் அடுத்த அட்டவணையில். சாதாரண டேட்டாபேஸ், நாம் கேட்கும்போது இரண்டையும் இணைத்துத் தரும். நான் வேலை பார்ப்பது காஃப்கா என்ற மென்பொருளில். அங்கே தகவல் ஓடிக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கம் மாறினாலும் விடையும் மாறியாக வேண்டும்.

2019 டிசம்பரில் 2.4 பதிப்பு வரும்வரை, அதன் காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் நூலகத்தில் இரு அட்டவணைகளுக்கும் ஒரே சாவி (key) இருந்தால்தான் நேரடி இணைப்பு. இல்லையென்றால் ஆர்டர்களை வாடிக்கையாளர் வாரியாக மூட்டை கட்டி, இணைத்து, திரும்பவும் பிரிக்க வேண்டும். அலுப்பான வேலை.

இப்போதைய வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆர்டர், தன் வாடிக்கையாளரின் தகவல் இருக்கும் பார்ட்டிஷனுக்கு (அட்டவணையின் ஒரு துண்டு) பத்திரிகைச் சந்தா மாதிரி ஒன்றை அனுப்பிப் பதிந்துகொள்கிறது. முகவரி மாறியதும் அந்த வாடிக்கையாளர் எண்ணில் தொடங்கும் சந்தாக்களையெல்லாம் தேடியெடுத்து, ஒவ்வோர் ஆர்டருக்கும் பதில் போகும். அதற்குள் ஆர்டரே வேறு வாடிக்கையாளர் பெயருக்கு மாறியிருந்தால்? சந்தாவோடு ஆர்டரின் ஹாஷும் (அதன் உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரி) போயிருக்கும். பதிலோடு திரும்பி வரும் அது இப்போதைய ஹாஷோடு பொருந்தாவிட்டால், பதில் குப்பைக்கு. இந்தச் சோதனை இல்லையென்றால் தாமதமாக வந்த பழைய பதில், புதியதை அழித்துவிடும்.

செலவும் உண்டு. லட்சம் ஆர்டர் வைத்திருக்கும் வாடிக்கையாளர் தெருப்பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் லட்சம் பதில்கள் கிளம்பும். அதனால், யாராவது இந்த இணைப்பைப் போட்டுக்கொண்டு வந்தால் நான் முதலில் கேட்பது: "ஒரு ஆளுக்கு அதிகபட்சம் எத்தனை ஆர்டர்ப்பா?"