லேபிள் காலமும் லோகோ காலமும்

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் அன்று கடையில் ஏமாறாமல் சரக்கு வாங்கினார்கள். தீப்பெட்டியோ பீடிக்கட்டோ, "மயில் மார்க் குடுங்க" என்றால் போதும். படம்தான் பெயர். போலிக்காரரும் படத்தில்தான் கை வைத்தார்: அதே சிவப்புக் கட்டம், அதே மஞ்சள் பின்னணி, நடுவில் மட்டும் வேறொரு பறவை.

1940-இல் டிரேட்மார்க் சட்டம் வரும்வரை, 'இந்த மார்க் எங்களுடையது' என்று பத்திரம் பதிந்து, செய்தித்தாளில் எச்சரிக்கை விளம்பரம் கொடுப்பதுதான் வழி. அடுத்து வந்த 1958 சட்டத்தில் ஒரு பதிவின் ஆயுள் 7 ஆண்டு. அதுவும் சரக்குக்கு மட்டும். ஓட்டலும் சலூனும் தங்கள் சேவைக்கு மார்க் பதிய 2003 வரை காத்திருந்தன.

இன்று கடை திறக்கும் முன்பே லோகோ தயார். பதிவேட்டை ஆன்லைனில் இலவசமாகத் தேடலாம். 74 ஆக இருந்த படிவங்கள் 2017-இல் 8 ஆகக் குறைந்தன. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைன் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஆனால் விண்ணப்ப எண் கிடைத்த அன்றே போர்டில் வட்டத்துக்குள் 'ஆர்' போடுபவர்கள் உண்டு. பதிவு முடியாமல் அதைப் போடுவது சட்ட மீறல். முன்பு சிறைத் தண்டனைகூட இருந்தது, இப்போது அபராதம். பதிவாகும்வரை 'டி.எம்.' போட்டுக்கொள்ளலாம். ஆய்வாளரின் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லி, இதழில் வெளியாகி, 4 மாதம் எவரும் எதிர்க்காமல் இருந்தால்தான் சான்றிதழ்.

வாசல் அகலமாகிவிட்டது, காவல் மட்டும் அன்றுபோலவே உரிமையாளர் தலையில்தான். 'அமிர்ததாரா' மருந்துக்காரர்கள் 'லட்சுமண்தாரா'வை எதிர்த்த வழக்கில், அரைகுறை நினைவோடு வாங்க வருபவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார் என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் உத்தரப் பிரதேசத்தில் லட்சுமண்தாரா விற்பது தெரிந்தும் அமிர்ததாராக்காரர்கள் சும்மா இருந்ததால், அந்த மாநில அளவில் அதன் பதிவு நிலைத்தது.

இன்றைய சட்டம் அதற்குக் கெடுவே வைத்திருக்கிறது. பின்னால் பதிவான ஒரு மார்க் புழங்குவது தெரிந்தும் 5 ஆண்டு தொடர்ந்து பேசாமல் இருந்தால், அது தீய நோக்கத்தோடு பதியப்பட்டதாக இருந்தாலொழிய, முன்னவர் அதை நீக்கச் சொல்ல முடியாது. லோகோவுக்குச் செலவழிப்பவர்கள், வாராவாரம் வெளியாகும் டிரேட்மார்க் இதழைப் புரட்டவும் ஓர் ஆளை வைத்துக்கொள்வது நல்லது.