சிமெண்டா, புல்லா? மழையைக் கேட்டோம்!

“பேசாம சிமெண்டு போட்டுடலாம்மா.”

கடந்த ஆண்டு தீபாவளிக்கு மறுநாள், ஜொகூர் பாருவில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அப்பா இப்படிச் சொன்னபோது என் காதுகளை என்னாலேயே நம்ப முடியவில்லை. சொன்னவர் யார்? ஒரு கோல்ஃப் மைதானத்தில் முப்பத்தோரு வருடம் புல் பார்த்தவர். வெள்ளைப் பந்து வழுக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி அடுத்தவர் புல்லைப் பராமரித்தவர், சொந்த வீட்டின் இருபதுக்குப் பன்னிரண்டு அடிப் புல்தரையைக் கைகழுவப் பார்க்கிறார்.

அவர் மீது தப்பில்லை. முந்தைய ஆண்டு கார்த்திகை தீபத்தன்று, அகல் விளக்குத் தட்டோடு துளசி மாடத்துக்குப் போன அம்மா சேற்றில் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டு. அன்றிலிருந்து அப்பா அந்தப் புல்லை ஒரு குற்றவாளியைப் பார்ப்பது போலவே பார்த்தார். அவருக்கும் மூட்டு வலி, குனிந்து களை பிடுங்க முடியவில்லை. குத்தகைக்காரர் வந்து அளந்து, 3,800 வெள்ளி என்று சொல்லிவிட்டும் போயிருந்தார். பொங்கலுக்குள் வேலையை முடித்துவிடுவதாக ஏற்பாடு.

அன்று இரவு மெல்பர்னில் இருக்கும் சித்தி மகன் தீபாவளி வாழ்த்து சொல்லக் கூப்பிட்டான். கைப்பேசியில் அவன் வீட்டுப் பின்புறம் பச்சைக் கம்பளம் விரித்தது போல் இருந்தது. “என்னடா போட்ட?” என்று கேட்டேன். “இப்போ ஒண்ணும் போடலக்கா. எல்லாம் ஜூலைல பண்ணது” என்றான். அங்கே ஜூலை குளிர்காலம். புல் வளர்ச்சியை நிறுத்திப் பழுப்பேறித் தூங்குகிற நேரம். அப்போதுதான் வெட்டும் இயந்திரத்தின் கத்தியைத் தீட்டுவானாம், எங்கே நிழல் விழுகிறது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து வைப்பானாம்.

நான் அப்பாவிடம் சொன்னேன், நமக்குத்தான் குளிர்காலமே இல்லையே என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஏன் இல்ல? மழைக்காலம் இருக்கே. கிளப்ல எங்களுக்கு டிசம்பர்லதான் வேலை அதிகம். புல்லுல இல்ல, மண்ணுல” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் டிசம்பரில் வானொலி நிலையத்தில் ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். (காலை நிகழ்ச்சியில் என் இடத்தில் அமர்ந்த தோழி, “புல் வெட்டப் போயிருக்கிறார்” என்று நேயர்களிடம் உண்மையையே சொல்லிவிட்டாள். ஒருவரும் நம்பவில்லை.)

ஜொகூர், சிங்கப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் கொட்டித் தீர்க்கும். அதன் பின் அதே பருவக்காற்று ஜனவரி கடைசியிலிருந்து வறண்டு வீசும். 2014-இல் சிங்கப்பூரில் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் வறட்சி நீடித்தது நினைவிருக்கிறதா? அதே ஆண்டுதான் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. மழையில் அழுகி, அடுத்த மாதமே வெயிலில் காய்ந்தால் எந்தப் புல்தான் தாங்கும்? பிப்ரவரியில் மஞ்சளான பிறகு தண்ணீரைக் கொட்டி, உரத்தைத் தூவிப் பதறுகிறோம். ஆனால் அந்தப் புல்லின் வேர் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பது டிசம்பரிலேயே முடிவாகிவிடுகிறது.

அப்பா முதலில் செய்யச் சொன்ன வேலைக்குச் செலவே இல்லை. அடைமழையில் குடையோடு வாசலில் நில், தண்ணீர் எங்கே போகிறது என்று பார். அவ்வளவுதான். ஒரு மணி நேரம் நின்றேன். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் வரைந்துகொண்டேன். பத்து வருடமாகத் தெரியாதது அன்றைக்குத் தெரிந்தது. கார் நிற்கும் இடத்துக்கு நாங்கள் பின்னால் போட்ட தகரக் கூரைக்குத் தண்ணீர்த் தாங்கியே இல்லை. கூரை முழுதின் மழையும் ஒரே கோடாகப் புல் மீது விழுந்து மண்ணைத் தோண்டி, துளசி மாடம் பக்கம் போய்த் தேங்கியது. அம்மா விழுந்த இடம் அதே இடம்தான். குற்றவாளி புல் இல்லை, கூரை!

இரண்டாவது சோதனைக்கு ஒரு நீளமான திருப்புளி போதும். மழை நின்ற மறுநாள், ஈர மண்ணில் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் மண் நன்றாக இருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு அங்குலத்தில் டக்கென்று நின்றது. தோண்டினால் செங்கல் துண்டு, காய்ந்த சிமெண்டுக் கட்டி, ஒரு உடைந்த தரை ஓடு. வீடு கட்டியபோது மிஞ்சியதையெல்லாம் புதைத்து, மேலே கொஞ்சம் மண் தூவி, புல்பத்தை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தாமான் வீடுகளில் இது புதுக் கதை இல்லை. உங்கள் வாசலிலும் ஒரு முறை குத்திப் பாருங்களேன்.

ஆக, வேலை தெளிவாகிவிட்டது. கூரைக்கு பிவிசி தாங்கி போட்டு, குழாய் வழியாகக் கால்வாய்க்கு விட்டோம். கல்லையும் கட்டியையும் பொறுக்கியதில் நான்கு வாளி நிறைந்தது. மண் இறுகிக் கிடந்த இடங்களில் முள்கரண்டி போன்ற பெரிய தோட்டக் கவையை நாலு அங்குலம் இறக்கி, லேசாக ஆட்டி எடுத்தோம். சாண் அளவுக்கு ஒரு குத்து. அந்தத் துளைகளில் கழுவிய ஆற்று மணலைத் தூவித் துடைப்பத்தால் கூட்டிவிட்டோம். மைதானத்தில் இதையே இயந்திரத்தால் செய்வார்களாம். துளை வழியாகத் தண்ணீரும் காற்றும் உள்ளே போகும், வேர் பின்னாலேயே இறங்கும். மணல் ஒரு செண்டிமீட்டருக்கு மேல் கூடாது, புல் நுனி வெளியே தெரிய வேண்டும். கடல் மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. மண் சொதசொதவென்று இருக்கும்போது இதில் எதையும் செய்யாதீர்கள். மிதித்தே மறுபடி இறுக்கிவிடுவீர்கள். மழை விட்டு ஒரு நாளாவது போகட்டும்.

களை பிடுங்கவும் இதுதான் நேரம். ஈர மண்ணில் தொட்டாற்சிணுங்கி வேரோடு வரும் (கையுறை முக்கியம், என் விரல்கள் சாட்சி). கோரை அப்படி இல்லை. இழுத்தால் தாள் மட்டும்தான் கையில் வரும், கிழங்கு உள்ளேயே உட்கார்ந்து மறுபடி முளைக்கும். சிறு கரண்டியால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். இதற்காக அப்பாவுக்கு ஒரு குட்டி நாற்காலி வாங்கினேன். மூட்டு வலிக்காரர் அதில் உட்கார்ந்தபடி மூன்று நாளில் முக்கால்வாசி முடித்துவிட்டார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால்கூட எழவில்லை.

உரம் பற்றி எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டை. நான் அன்றைக்கே போட வேண்டும் என்றேன். “கால்வாய்க்கா சோறு போடுற?” என்றார். அடைமழையில் தூவும் உரம் கரைந்து ஓடிவிடும். மழை தணிகிற ஜனவரி நடுவில், 15-15-15 கலவையைச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிராம் கணக்கில், புல் காய்ந்திருக்கும்போது தூவி உடனே தண்ணீர் விட்டோம். ஈர இலையில் ஒட்டினால் கருகும். பலரும் சுண்ணாம்பு போடச் சொன்னார்கள். எங்கள் வாசலில் இருப்பது அகல இலைப் புல், மலாய்க்காரர்கள் ரும்புட் பாரிட் என்பார்களே, அது. புளிப்பு மண்ணையும் கொஞ்சம் நிழலையும் அதுவே சமாளித்துக்கொள்ளும். எனவே அந்தக் காசு மிச்சம். பக்கத்து வீட்டு மாமரம் நிழல் தரும் மூலையில் அழகுக்காகக் கொரியன் புல் நட எனக்கு ஆசைதான். அதற்கு நல்ல வெயில் வேண்டும் என்று அப்பா ஒரே வரியில் மறுத்துவிட்டார்.

பெரிய மாற்றம் புல் வெட்டுவதில்தான். மாதம் ஒருமுறை வருபவர், தோளில் மாட்டும் இயந்திரத்தால் மண் தெரியச் சிரைத்துவிட்டுப் போவார். நமக்கும் ‘சுத்தமாக’ இருக்கிறதே என்று திருப்தி. புல்லுக்கு இலைதான் அடுப்படி. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் அது வேரைப் பட்டினி போட்டுத்தான் புது இலை விடும். இரண்டு அங்குல உயரம் விடச் சொல்லி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரவழைத்தோம். கூலி கூடியது உண்மை. அதை மறைக்க மாட்டேன்.

ஒரு விஷயத்தில் சிமெண்டுதான் ஜெயித்தது. வாசற்படியிலிருந்து துளசி மாடம் வரை அம்மா தினம் இரண்டு வேளை நடக்கிறார். தினமும் ஒரே தடத்தில் மிதிபடும் இடத்தில் எந்தப் புல்லும் நிற்காது. அங்கே சொரசொரப்பான சிமெண்டுக் கற்கள் ஏழு பதித்தோம், இடையில் புல். தாங்கி, மணல், கல், புதுப் புல்பத்தை எல்லாம் சேர்த்து 640 வெள்ளி.

பிப்ரவரி வந்தது. பதினேழு நாள் சொட்டு மழை இல்லை. தினமும் இரவில் தெளிப்பதற்குப் பதில், மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் ஆழமாக நனைத்தோம். மேலே மட்டும் நனைந்தால் வேர் மேலேயே சுற்றும். எதிர் வரிசை வீடுகளின் வாசல் வைக்கோல் நிறமானபோது எங்கள் புல் கொஞ்சம் வெளிறியது, அவ்வளவுதான். மாமரத்து மூலை மட்டும் மொட்டையாகவே கிடந்தது. அப்பா அதைப் புது நாள்காட்டித் தாளில் வட்டமிட்டு, ‘டிசம்பர்’ என்று எழுதி வைத்தார்.

சீனப் புத்தாண்டு முடிந்து குத்தகைக்காரர் கூப்பிட்டார், விலை குறைத்துத் தருவதாக. அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டே, “வேணாம் தம்பி, இங்க இடம் இல்ல” என்றார்.

இப்போது மறுபடி மழை தொடங்கிவிட்டது. போன வாரம் ஊருக்குப் போனபோது அவர் குடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மா ஏழு கல் போதாது என்கிறார். கார்த்திகைக்குத் துளசி மாடத்தைச் சுற்றி வர இன்னும் நான்கு வேண்டுமாம்.