எஞ்சினைக் காக்கும் இறப்பர்ச் சக்கரம்

எமது கரையோரங்களில் 18 அடி பைபர் படகுகளில் பூட்டப்படும் வெளியிணைப்பு எஞ்சின்களைக் குளிர்விப்பது கடல் நீரே. அந்நீரை மேலே தள்ளும் பம்பி, எஞ்சினின் அடிப்பாகத்தில் பற்சக்கரப் பெட்டியின் மேல் உள்ளது. அதனுள் சுழல்வது பல இதழ்கள் கொண்ட சிறியதோர் இறப்பர்ச் சக்கரம். இதனை ‘இம்பெல்லர்’ என்பர். எஞ்சினின் விலையோடு பார்த்தால் இதன் விலை அற்பமே. ஆனால் இது பழுதானால் எஞ்சின் கொதித்து, பிஸ்டன் சிலிண்டருடன் இறுகிவிடும். கரை தெரியாத தூரத்தில் இது நேர்ந்தால், தொழிலோடு உயிருக்கும் ஆபத்து.

ஏன் பழுதாகிறது?

தண்ணீரே இந்த இறப்பருக்கு எண்ணெய் போன்றது. கரையில் வைத்துத் தண்ணீரின்றி எஞ்சினை இயக்கிப் பார்ப்பது பலரிடம் நாம் காணும் பழக்கம். சிறிது நேரத்திலேயே இதழ்கள் கருகிவிடும். ஆழமற்ற களப்பில் ஓடும்போது உள்ளே புகும் மணல் இதழ்களைத் தேய்க்கும். வாடைக் காலத்தில் வாரக்கணக்கில் படகு கரையில் கிடந்தால், மடிந்த இதழ்கள் அப்படியே விறைத்துவிடும்.

அன்றாடக் கவனம்

எஞ்சினை இயக்கியதும் பக்கத்துத் துவாரத்தால் நீர் பீச்சுகிறதா எனப் பாருங்கள். ஓட்டத்தின்போதும் இடையிடையே பாருங்கள். நீர் நின்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். அதைத் தூக்கி, நீர் உள்ளெடுக்கும் துவாரத்தை அடைக்கும் பொலித்தீன், வலைத்துண்டு முதலியவற்றை அகற்றுங்கள். நீர் பீச்சும் துவாரத்தில் தங்கூசியைச் செலுத்தி உப்பைக் குத்திவிடுங்கள். அதன் பின்பும் நீர் வராவிட்டால் எஞ்சினை ஓட்ட வேண்டாம். துடுப்பு எப்போதும் படகில் இருக்கட்டும்.

தொழில் முடிந்து வந்ததும் அடிப்பாகத்தை நன்னீர் நிரம்பிய பீப்பாயில் அமிழ்த்தி, சில நிமிடங்கள் இயக்குங்கள். நீர் உள்ளெடுக்கும் துவாரம் தண்ணீருக்குள் நன்கு மூழ்கியிருக்க வேண்டும்.

மாற்றும் முறை

ஆண்டுக்கு ஒரு முறை, தொழிற்காலம் தொடங்குமுன் இம்பெல்லரை மாற்றுவது நல்லது.

1. பிளக் வயரைக் கழற்றுங்கள். கியர்க் கம்பியின் இணைப்பை விடுவித்து, அடிப்பாகத்தை இறக்குங்கள்.

2. பம்பியின் மூடியைத் திறந்து பழைய சக்கரத்தை எடுங்கள். தண்டிலுள்ள சிறு ஆப்பு தவறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் ஓர் இதழ் உடைந்திருந்தால் அத்துண்டைத் தேடி எடுங்கள். அது நீர்க்குழாயை அடைத்தால் புதிய சக்கரமும் பயன்தராது.

3. அடித்தட்டிலும் மூடியின் உட்புறத்திலும் ஆழமான கீறல்கள் இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள்.

4. புதிய சக்கரத்தில் சவர்க்கார நீர் தடவி, எஞ்சின் சுழலும் திசையிலேயே தண்டைத் திருப்பியவாறு மூடியைப் பொருத்துங்கள். எதிர்த்திசையில் திருப்பினால் இதழ்கள் மடிந்துவிடும்.

5. நீர்க்குழாய் பம்பியில் சரியாக அமர்ந்ததா எனப் பார்த்துப் பூட்டுங்கள். பின் பீப்பாயில் வைத்து இயக்கிப் பாருங்கள்.

உதிரிப்பாகத்துக்காகத் தனித்தனியே நகரம் செல்வதிலும், ஊரிலுள்ள கடற்றொழிலாளர் சங்கமே சில இம்பெல்லர்களையும் கஸ்கட்டுகளையும் வாங்கி வைப்பது சிக்கனம். இளைஞர் இருவர் மூவர் இவ்வேலையைப் பழகிக்கொண்டால், எஞ்சின் பழுதாகி ஒரு குடும்பம் தொழிலை இழக்கும் நிலையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.