கடுகும் மலையும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்ததும், பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தாய் கண்ணீரோடு என்னிடம் வந்தார். அவருடைய மகனுக்கு நெடுநாளாக வலிப்பு நோய். அன்றைய நற்செய்தி, கடுகளவு நம்பிக்கையால் மலையையும் பெயர்க்கலாம் என்ற பகுதி (மத்தேயு 17:20). "எனக்குக் கடுகளவுகூட விசுவாசம் இல்லீங்களா சாமி? அதனாலதான் பையனுக்குச் சுகமாகலீங்களா?" என்று கேட்டார்.

உவமை மொழியை அளவுகோலாக எடுத்துக்கொண்டால் எவ்வளவு வேதனை வரும் என்பதை அன்று உணர்ந்தேன். இதற்கு நம் தமிழ் இலக்கணமே நமக்கு உதவுகிறது.

தொல்காப்பியம் உவமைக்கென்றே ஓர் இயலை ஒதுக்கி, ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிடுவது செயல், பயன், வடிவம், நிறம் ஆகிய நான்கின் அடிப்படையில் என்கிறது. தண்டியலங்காரம் பொருளணிகளை 35 ஆக வகுக்கிறது. இத்தாலியிலிருந்து வந்து 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவரும், 1730-இல் எழுதிய தொன்னூல் விளக்கத்தில் எழுத்து, சொல், பொருள், யாப்பு ஆகியவற்றோடு அணியையும் சேர்த்தே விளக்கினார்.

நாம் அடிக்கடி சந்திப்பவை நான்கு.

உவமை: 'மலர் போன்ற முகம்' என்று ஒப்பிடுவது. இதுவே சுருங்கி 'மலர்முகம்' ஆகிறது.

உருவகம்: சொல்லை மாற்றிப் போட்டு 'முகமலர்' என்றால், முகமே மலராகிவிடுகிறது. இயேசு தம்மைத் திராட்சைக் கொடி என்றும் சீடரைக் கிளைகள் என்றும் சொல்வது இவ்வகையே (யோவான் 15).

ஆகுபெயர்: 'ஊரே சிரித்தது' என்றால் சிரித்தது தெருக்கள் அல்ல, மக்கள். 'திருப்பூர் ஓய்ந்து கிடக்கிறது' என்று நாம் சொல்வதும் அங்கு வேலையின்றி இருக்கும் தொழிலாளரைப் பற்றித்தான்.

உயர்வு நவிற்சி: மனதில் ஆழப் பதியும்படி மிகைப்படுத்திச் சொல்வது. பாவத்திற்குக் காரணமான கண்ணைப் பிடுங்கி எறியச் சொன்ன ஆண்டவர் (மத்தேயு 5:29), யாரையும் குருடராக்க விரும்பவில்லை. பாவத்தோடு சமரசம் வேண்டாம் என்பதே அதன் பொருள்.

கடுகும் மலையும் இப்படித்தான். மலையைப் பெயர்ப்பது என்பது, முடியாததாகத் தோன்றுவதைச் செய்து முடிப்பதற்கு யூதரிடையே வழங்கிய சொல்வழக்கு. மிகச் சிறிய நம்பிக்கைக்கும் கடவுள் முன் மதிப்பு உண்டு என்பதே கருத்து. அது நம்மை நிறுத்துப் பார்க்கும் தராசு அல்ல.

இன்னொன்றையும் கவனிப்போம். அந்தப் பகுதியில் வருவதும் வலிப்பால் துன்புற்ற ஒரு சிறுவனே. நம்பிக்கைக் குறைவுக்காக ஆண்டவர் கடிந்துகொண்டது சீடர்களை. தந்தையோ, தம் நம்பிக்கையின்மை நீங்கவும் உதவி கேட்டு அழுதார் (மாற்கு 9:24). அரைகுறை நம்பிக்கை என்று ஆண்டவர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

இதையே அந்தத் தாய்க்கும் எடுத்துச் சொன்னேன். "பிள்ளையின் நோய்க்கு உங்கள் விசுவாசம் காரணமல்ல, அம்மா. செபத்தை விடாதீர்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் ஒரு நாள்கூட விடாதீர்கள்" என்றேன். கண்களைத் துடைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் புறப்பட்டார்.

அன்பர்களே, இறைவார்த்தையை வாசிக்கும்போது ஒரு கேள்வி கேட்போம்: இது நேர்ப்பொருளா, அணியா? அணி என்றால் அது எதைச் சுட்டுகிறது? இப்படிக் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. சொன்னவர் என்ன நினைத்துச் சொன்னாரோ, அதையே கேட்க விரும்பும் அன்பு அது.