காபிக் கொட்டையின் தோலுக்கும் வந்தது மவுசு!

பெங்களூர்த் தமிழர் வீடுகளில் பில்டரில் டிகாக்ஷன் இறங்கிய பிறகுதான் பொழுது விடியும். ஆனால் கொட்டையை வறுக்கும்போது உரியும் தோல் எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

நானும் யோசித்ததில்லை. ஸ்டேஷனில் இரவு டூட்டி முடிந்து திரும்பிய ஒருநாள் காலை, வழக்கமாகத் தூள் வாங்கும் கடை வாசலில் ஒரே கூச்சல். மாடி வீட்டு அம்மாள், காயப் போட்டிருந்த வெள்ளை வேட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். வேட்டி முழுக்கப் பழுப்புச் செதில்கள்.

"இன்னொரு தடவை இப்படிப் பறந்து வந்தால் மாநகராட்சியில் மனுக் கொடுப்பேன், ஆமாம்!" என்றார்.

கடைக்காரரின் முகம் சுண்டிவிட்டது. "எரித்தால் புகை என்கிறார்கள், சாக்கடையில் தள்ளினால் அடைத்துக்கொள்கிறது. மெஷினைக் கட்டிக்கொண்டு எங்கே சார் போவேன்?" என்று என்னிடம் புலம்பினார்.

எங்கிருந்து வருகிறது?

குடகிலும் சிக்கமகளூரிலும் விளையும் காபிக்கு மேலே ஒரு கெட்டியான உமி உண்டு. அதைப் பதப்படுத்தும் ஆலைகளிலேயே நீக்கிவிடுகிறார்கள். அந்த உமி எரிபொருளாகப் பயன்படுகிறது.

அதற்கும் அடியில், கொட்டையோடு ஒட்டியபடி மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. இதற்கு 'வெள்ளித்தோல்' என்று பெயர். சுமார் 200 டிகிரி சூட்டில் கொட்டை உப்பி வெடிக்கும்போது இது கழன்று பறக்கிறது. எடை அற்பம், இடத்தை அடைப்பதோ மூட்டை மூட்டையாக!

என்ன பயன்?

இந்தத் தோலில் பாதிக்கு மேல் நார்ச்சத்து, புரதமும் உண்டு. புரதத்தில் தழைச்சத்து இருப்பதால் மக்கினால் நல்ல உரம். அமெரிக்காவில் போர்டு மோட்டார் கம்பெனியும் மெக்டொனால்ட்ஸ் நிறுவனமும் 2019 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டன. இந்தத் தோலைக் குறைந்த காற்றில் சூடேற்றி, பிளாஸ்டிக்குடன் கலந்து, கார் முன்விளக்கின் கூடு செய்யலாம் என்பதே அது. அப்படிச் செய்த பாகம் சுமார் 20 சதவீதம் எடை குறைவு என்றும் கூறின.

நமக்குக் கார் வேண்டாம், ரோஜாத் தொட்டி போதும். காய்கறிக் கழிவு ஈரமானது, நாறும். அதன்மேல் ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி தோலைத் தூவினால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நன்றாக மக்கிய பிறகே செடிக்குப் போட வேண்டும். பச்சையாகத் தடித்துப் பரப்பினால் அடை போலப் படிந்து, தண்ணீர் இறங்காது.

எச்சரிக்கையும் வேண்டும்!

காய்ந்த தோல் பஞ்சைப் போலத் தீப்பிடிக்கும். சூடு நன்றாக ஆறும் முன் சாக்கில் கட்டக் கூடாது. பீடி, ஊதுவத்தி அருகில் ஆகாது. இதில் கஃபீன் இருப்பதால் நாய்க்கும் மாட்டுக்கும் எட்டாமல் வைப்பது நல்லது.

நம் கடைக்காரர் என்ன செய்தார்? காற்று வெளியேறும் குழாயின் முனையில், தோலைப் பிடித்துக்கொள்ள ஒரு தகர டிரம் பொருத்தினார். இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் மூட்டை கட்டுகிறார். வாரம் ஒருமுறை செடி விற்கும் நர்சரிக்காரர் வந்து அள்ளிப் போகிறார். காசு ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் மனு வரவில்லை, கடை அதே இடத்தில் நிற்கிறது.

முதல் பை கேட்டு வாங்கிப் போனவர் யார் தெரியுமா? அதே மாடி வீட்டு அம்மாள்தான்! அவர் வீட்டுத் துளசி இப்போது தளதளவென்று இருக்கிறது.

அடுத்த முறை தூள் வாங்கும்போது, உங்கள் கடைக்காரரிடமும் ஒரு பை தோல் கேட்டுப் பாருங்களேன்!